சங்கிலி போட்டு நாட்டை அளந்தவர்

இப்போ கம்ப்யூட்டர் வரைபடத்தில் ரெண்டு ஊரைத் தொட்டால் தூரம் உடனே வந்துவிடுகிறது. அது இல்லாத காலத்தில் தென்னிந்தியாவை அளந்த வில்லியம் லாம்டனைப் பற்றி எழுதுகிறேன்.

இவர் இங்கிலாந்துக்காரர், ராணுவ அதிகாரி. 1802 ஏப்ரல் 10-ல் சென்னை பரங்கிமலை பக்கத்தில் 100 அடி எஃகுச் சங்கிலியைப் போட்டு அளக்க ஆரம்பித்தார். வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் கூடவே வெப்பமானியும் வைத்தார். வெறும் 12 கிலோமீட்டருக்கு 57 நாள்!

அப்புறம் ஊர் ஊராகச் சங்கிலி போடவில்லை. முக்கோணத்தில் ஒரு பக்கமும் ரெண்டு கோணமும் தெரிந்தால் மற்ற பக்கங்களைக் கணக்கிலேயே கண்டுபிடிக்கலாம் இல்லையா, அதைத்தான் செய்தார். கோணம் பார்க்க உயரமான இடம் வேணும். தஞ்சாவூரில் மலை ஏது? 1808-ல் பெரிய கோயில் மேலே அரை டன் தியோடலைட் கருவியைக் கயிறு கட்டி ஏற்றினாங்க. (கோயில் மேலே ஏற்றியது எனக்குப் பிடிக்கலை.) கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி வளைஞ்சுபோச்சு. வேற யாராயிருந்தாலும் விட்டிருப்பாங்க. அவர் ஆறு வாரம் உட்கார்ந்து தானே சரிசெய்தார்.

வயசான பிறகும் கூடாரத்தோடு அளந்துகொண்டே போனவர், 1823 ஜனவரி 20-ல் மகாராஷ்டிராவில் இருக்கிற ஹிங்கன்காட்டில் இறந்தார். வேலையைத் தொடர்ந்தவர் அவருடைய உதவியாளர் ஜார்ஜ் எவரெஸ்ட். சிகரத்துக்குப் பேர் வச்சாங்களே, அதே எவரெஸ்ட்தான்!