ஒரு பானைக்கு எத்தனை சோறு பதம்?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். வீட்டுப் பானைக்கு அது சரி. பெரிய ஆலையில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் தானியத்துக்கு ஒரு பிடி போதுமா? இரண்டு பிடி வேண்டுமா? நாலா?

இதற்குக் கணக்குப் போட்டு விடை கண்டவர் வில்லியம் சீலி காசெட். அவர் கண்ட முறையை இன்று உலகமே பயன்படுத்துகிறது. ஆனால் அதை அவர் தம் பெயரில் வெளியிடவில்லை!

பட்டாள ஆசை

காசெட் 1876-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி இங்கிலாந்தில் காண்டர்பரி நகரில் பிறந்தார். தந்தை ராணுவ என்ஜினீயர் படையில் கர்னல். மகனும் அதே படையில் சேர விரும்பினார். கண் பார்வை சரியில்லை என்று இடம் கிடைக்கவில்லை.

ஆக்ஸ்போர்டு சென்று கணிதமும் ரசாயனமும் படித்தார். இரண்டிலும் முதல் வகுப்பில் தேறினார். 1899-ல் அயர்லாந்தில் டப்ளின் நகரில் உள்ள கின்னஸ் பீர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார்.

சர்க்கரைக் கணக்கு

பீர் தயாரிக்க முதலில் பார்லியை முளைகட்டி உலர்த்துவார்கள். இதற்கு மால்ட் என்று பெயர். அதை நொறுக்கி வெந்நீரில் ஊற வைப்பார்கள். தானியத்தில் உள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, நீரில் கரைந்து இறங்கும். அந்த இனிப்பு நீர் புளித்துத்தான் பீர் ஆகிறது.

ஆகவே மால்ட்டிலிருந்து எவ்வளவு சர்க்கரை இறங்கும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். குறைந்தால் பீர் நீர்த்துவிடும். கூடினால் போதை ஏறிவிடும். இரண்டும் ஆலைக்குக் கெட்ட பெயர்.

கொஞ்சம் மால்ட்டை எடுத்து ஊற வைத்து அளந்து பார்ப்பார்கள். ஒரே மால்ட்டுதான். ஆனாலும் ஒரு தடவை வந்த எண் மறு தடவை வராது. நூறு தடவை சோதித்துச் சராசரி எடுத்தால் நம்பலாம். அதற்கு ஆளும் நேரமும் ஏது?

நாலு சோதனை

1904-ல் காசெட் இதை ஆராய்ந்து நிர்வாகத்துக்கு அறிக்கை கொடுத்தார். சர்க்கரையை டிகிரிக் கணக்கில் அளப்பது ஆலை வழக்கம். இருக்க வேண்டிய அளவு 133 டிகிரி. அரை டிகிரி முன்னே பின்னே இருந்தால் பாதகமில்லை.

இரண்டு சோதனையின் சராசரியை நம்பினால் 5-ல் 4 தடவை சரியாக இருக்கும் என்று கண்டார். நாலு சோதனை செய்தால் 13-ல் 12 தடவை சரியாக இருக்கும். தொழில் நடக்க இது போதும்!

3,000 அட்டைகள்

ஆனால் அன்றைய கணித முறைகள் ஏராளமான சோதனைகளுக்கே பொருந்தின. நாலைந்து சோதனைக்கு அவை சரிப்படவில்லை. 1906-ல் காசெட் லண்டன் சென்று, கார்ல் பியர்சன் என்ற அறிஞரின் ஆராய்ச்சிக்கூடத்தில் பயின்றார்.

அங்கே 3,000 கைதிகளின் உயரமும், இடக்கை நடுவிரல் நீளமும் குறித்த பட்டியல் கிடைத்தது. அவற்றை 3,000 அட்டைகளில் எழுதினார். நன்றாகக் கலைத்தார். நாலு நாலாக எடுத்து 750 கட்டாக்கினார். ஒவ்வொரு கட்டுக்கும் சராசரி கண்டார். தாம் கண்ட சூத்திரத்தோடு ஒப்பிட்டார். ஒத்து வந்தது!

யார் அந்த மாணவன்?

1908-ல் அந்த ஆராய்ச்சி வெளியாயிற்று. எழுதியவர் பெயர் ஸ்டூடண்ட், அதாவது மாணவன் என்று மட்டும் இருந்தது. தொழில் ரகசியம் வெளியே போய்விடும் என்று அஞ்சி, ஊழியர்கள் தம் பெயரில் எழுத ஆலை இடம் தரவில்லை. காசெட் அதற்காக மனம் வருந்தி ஒதுங்கவில்லை. அதே புனைபெயரில் தொடர்ந்து எழுதினார்.

நல்ல பார்லி ரகம் எது என்று அயர்லாந்தின் வயல்களில் சோதித்தார். பியர்சனுக்கும் பிஷர் என்ற மற்றொரு கணித அறிஞருக்கும் ஓயாத சண்டை. காசெட்டோ இருவருக்கும் நண்பர்!

1935-ல் லண்டனில் கின்னஸ் கட்டிய புதிய ஆலைக்குப் பொறுப்பேற்றுச் சென்றார். 1937-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி தமது 61-வது வயதில் காலமானார்.

இன்று ஒரு புது மருந்தைச் சிலருக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். நோய் குணமானது மருந்தாலா, தற்செயலாகவா? அதை அறிய மாணவன் கண்ட கணக்கைத்தான் போடுகிறார்கள். பீர் ஆலையில் பிறந்த கணக்கு இப்போது ஆஸ்பத்திரியிலும் வேலை செய்கிறது.