முசோலினி ரயிலில் வந்துதான் பிரதமரானார்: பாசிசத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது யார்?

1922 அக்டோபர் 30, காலை நேரம். மிலான் நகரிலிருந்து இரவு கிளம்பிய ரயில் ரோம் வந்து சேர்கிறது. படுக்கை வசதி கொண்ட பெட்டியிலிருந்து 39 வயது ஆள் ஒருவர் இறங்குகிறார். பெயர் பெனிட்டோ முசோலினி. நேராக அரண்மனைக்குப் போகிறார். மன்னரைப் பார்க்கிறார். இத்தாலியின் பிரதமர் ஆகிவிடுகிறார்.

பாடப் புத்தகங்களில் இந்தக் கதை வேறு மாதிரி இருக்கும். ரோம் நகரை நோக்கிப் பேரணி, ஆயிரக்கணக்கான கறுப்புச் சட்டைக்காரர்கள், ஆட்சி கவிழ்ந்தது என்று படித்திருப்போம். (நம்மூர் கறுப்புச் சட்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) பேரணி நடந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பேரணி எந்த அரசையும் வீழ்த்தவில்லை. தலைவர் அந்தப் பேரணியோடு நடந்துகூட வரவில்லை. அப்படியென்றால் ஆட்சி எப்படி அவர் கைக்குப் போனது? அதைப் புரிந்துகொள்ள, ஆளின் கதையை ஆரம்பத்திலிருந்து பார்க்க வேண்டும்.

கொல்லர் மகன், சோஷலிஸ்ட் பத்திரிகையாளர்

1883 ஜூலை 29 அன்று, வடக்கு இத்தாலியில் பிரெடாப்பியோ பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார் முசோலினி. அப்பா இரும்புக் கொல்லர், தீவிர சோஷலிஸ்ட். அம்மா பள்ளி ஆசிரியை, பக்தியானவர். பெனிட்டோ என்பது இத்தாலியப் பெயரே கிடையாது. மெக்சிகோவின் சீர்திருத்தத் தலைவர் பெனிட்டோ ஹுவாரெஸ் நினைவாக அப்பா வைத்த பெயர் அது.

பள்ளியில் சக மாணவனைக் கத்தியால் குத்தி வெளியேற்றப்பட்டார். பிறகு எப்படியோ படித்து ஆசிரியர் சான்றிதழ் வாங்கினார். 1902-ல் சுவிட்சர்லாந்துக்குப் போனார். கட்டாய ராணுவச் சேவையைத் தவிர்க்கப் போனார் என்ற பேச்சும் உண்டு. திரும்பி வந்து கட்சி வேலையில் இறங்கினார். 1911-ல் லிபியா மீது இத்தாலி போர் தொடுத்தபோது அதை எதிர்த்துச் சிறைக்குப் போனார். அடுத்த ஆண்டே சோஷலிஸ்ட் கட்சியின் அதிகாரபூர்வ நாளிதழான 'அவந்தி'க்கு ஆசிரியர். அவர் கையில் பத்திரிகையின் விற்பனை கிடுகிடுவென ஏறியது.

போருக்கு எதிராகச் சிறை போன இந்த ஆள், 1914-ல் முதல் உலகப் போர் வெடித்த சில மாதங்களில் அப்படியே பல்டி அடித்தார். இத்தாலி போரில் இறங்கியே ஆக வேண்டும் என்று எழுத ஆரம்பித்தார். கட்சி அவரைத் தூக்கி வெளியே போட்டது. அதே நவம்பரில் 'இல் பொபொலோ டி இத்தாலியா' என்ற சொந்தப் பத்திரிகையைத் தொடங்கினார். பணம் எங்கிருந்து வந்தது? இத்தாலியத் தொழிலதிபர்கள் கொடுத்தார்கள், பிரான்ஸ் கொடுத்தது. 1917-ல் பிரிட்டிஷ் உளவுத்துறை வாரம் 100 பவுண்டு கொடுத்ததற்கு ஆவணமே இருக்கிறது. கொள்கைக்காக மாறினாரா, காசுக்காக மாறினாரா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம்.

முதல் தேர்தலில் பூஜ்யம்

போர் முடிந்தது. ஜெயித்த பக்கம் இருந்தும் இத்தாலி தோற்ற நாடு மாதிரிதான் கிடந்தது. சுமார் 6 லட்சம் வீரர்கள் செத்திருந்தார்கள். விலைவாசி எகிறியது. போர்முனையிலிருந்து திரும்பிய இளைஞர்களுக்கு வேலை இல்லை. எதிர்பார்த்த நிலப்பகுதிகள் முழுதாகக் கிடைக்கவில்லை என்ற கோபம் வேறு.

1919 மார்ச் 23 அன்று மிலானில் ஒரு சின்ன மண்டபக் கூட்டத்தில் முசோலினி தன் இயக்கத்தைத் தொடங்கினார். 'ஃபாஷோ' என்றால் இத்தாலிய மொழியில் கட்டு. குச்சிகளைச் சேர்த்துக் கட்டிய கட்டு என்பது பழைய ரோமானிய அதிகாரச் சின்னம். பாசிசம் என்ற சொல் வந்தது இப்படித்தான்.

அப்போதைய கொள்கை அறிக்கையைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். 8 மணி நேர வேலை, பெண்களுக்கு ஓட்டுரிமை, போரில் கொள்ளை லாபம் பார்த்தவர்களுக்கு வரி என்று பாதி இடதுசாரி சரக்கு. அந்த நவம்பரில் நடந்த தேர்தலில் மிலானில் போட்டியிட்டார்கள். கிடைத்தது 5,000-க்கும் குறைவான ஓட்டு. ஒரு இடம்கூட இல்லை. சோஷலிஸ்டுகள் 156 இடங்களோடு மிகப்பெரிய கட்சி. முசோலினியின் அரசியல் செத்துப்போச்சு என்று சவப்பெட்டி தூக்கி ஊர்வலம் விட்டார்கள்.

மூன்றே ஆண்டில் அந்த ஆள் பிரதமர்.

லாரியில் வந்த படைகள்

நடுவில் என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். 1919, 1920 இரண்டு ஆண்டுகளும் இத்தாலியில் வேலைநிறுத்தம் மேல் வேலைநிறுத்தம். 1920 செப்டம்பரில் தொழிலாளர்கள் ஆலைகளையே கைப்பற்றி உட்கார்ந்தார்கள். போ நதிச் சமவெளியில் விவசாயக் கூலித் தொழிலாளர் சங்கங்கள் பலமாக இருந்தன. பண்ணைக்கு யாரை வேலைக்கு எடுப்பது என்பதைச் சங்கம்தான் முடிவு செய்யும். ரஷ்யாவில் நடந்தது இங்கேயும் நடக்கும் என்று நிலக்கிழார்களுக்கு நடுக்கம். ஆனால் புரட்சி வரும் வரும் என்று மேடையில் முழங்கிய சோஷலிஸ்டுகளிடம் அதற்கான திட்டம் எதுவும் இல்லை. ஆலை முற்றுகையும் பேச்சுவார்த்தையில் முடிந்துபோனது. எதிரியைப் பயமுறுத்தினார்கள், ஆனால் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தயாராகவில்லை.

இந்த இடத்தில்தான் பாசிசப் படைகள் நுழைந்தன. முன்னாள் ராணுவ அதிகாரிகள், மாணவர்கள், பண்ணையார் வீட்டுப் பையன்கள். ராத்திரி லாரியில் வருவார்கள். சங்க அலுவலகத்தை, கூட்டுறவுக் கடையை, பத்திரிகை அச்சகத்தை எரிப்பார்கள். சங்கத் தலைவரை வீட்டிலிருந்து இழுத்து வந்து தடியால் அடிப்பார்கள். வாயைத் திறந்து விளக்கெண்ணெயைக் குடம் குடமாக ஊற்றுவார்கள். உயிர் பிழைத்தாலும் ஊர் முன்னால் மானம் போய்விடும். அதுதான் நோக்கமே. பெட்ரோல் செலவுக்குப் பண்ணையார்கள் பணம் கொடுத்தார்கள். லாரியும் துப்பாக்கியும் சில இடங்களில் ராணுவ முகாமிலிருந்தே வந்தன. போலீஸ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது, அல்லது அடி வாங்கியவனையே கைது செய்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் படைகள் முசோலினி சொன்னதைக் கேட்கும் படைகள் அல்ல. ஃபெராராவில் இத்தாலோ பால்போ, கிரெமோனாவில் ராபர்ட்டோ ஃபரினாச்சி என்று ஊருக்கு ஊர் ஒரு தாதா. 1921 ஆகஸ்டில் முசோலினி சோஷலிஸ்டுகளோடு சமாதான ஒப்பந்தம் போட்டார். இந்த தாதாக்கள் கொதித்துப்போய் அவரையே ஓரங்கட்டப் பார்த்தார்கள். அவர் ஒப்பந்தத்தைக் கைவிட்டார். அதற்குப் பிறகு அவர் ஆடிய ஆட்டம் இதுதான்: ஒரு கையில் இந்த வன்முறை, மறுகையில் அதை அடக்க என்னால்தான் முடியும் என்ற பேரம்.

பெரியவர்கள் போட்ட கணக்கு

ஜொவானி ஜொலிட்டி இத்தாலிய அரசியலின் பழம் பெருச்சாளி. ஐந்து முறை பிரதமர். 1921 மே தேர்தலில் சோஷலிஸ்டுகளை மட்டுப்படுத்த அவர் ஒரு வேலை செய்தார். பாசிஸ்டுகளைத் தன் கூட்டணிப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். பையன்கள் கொஞ்சம் முரட்டுத்தனமானவர்கள், நாடாளுமன்றத்துக்குள் வந்தால் அடங்கிவிடுவார்கள் என்பது கணக்கு. 35 பேர் ஜெயித்து வந்தார்கள். வந்ததும் ஜொலிட்டிக்கு எதிராகவே உட்கார்ந்தார்கள். பூஜ்யத்தில் கிடந்த இயக்கத்துக்கு மரியாதைப் பட்டம் கொடுத்தது அந்தத் தேர்தல்தான்.

எதிர் முகாமிலோ ஆளுக்கொரு திசை. 1921 ஜனவரியில் கம்யூனிஸ்டுகள் பிரிந்து தனிக் கட்சி கண்டார்கள். சோஷலிஸ்டுகள் 1922 அக்டோபரில், அதாவது ரோம் பேரணிக்குச் சில வாரங்களுக்கு முன்னால், இன்னொரு முறை உடைந்தார்கள். கத்தோலிக்க மக்கள் கட்சியோடு சேர்ந்து ஆட்சி அமைக்க இவர்கள் யாருக்கும் மனசு வரவில்லை.

அக்டோபர் 27 இரவு பாசிசப் படைகள் மாகாண அலுவலகங்களையும் ரயில் நிலையங்களையும் கைப்பற்றத் தொடங்கின. ரோம் நகருக்கு வெளியே கூடியவர்கள் மழையில் நனைந்து, போதிய ஆயுதமும் சாப்பாடும் இல்லாமல் கிடந்தார்கள். உள்ளே சுமார் 28,000 ராணுவத்தினர் தயாராக இருந்தார்கள். பிரதமர் லூயிஜி ஃபாக்டா நெருக்கடி நிலை உத்தரவைத் தயாரித்தார். 28-ம் தேதி நண்பகலில் அமல். சுவரொட்டிகூட ஒட்டியாகிவிட்டது. மன்னர் மூன்றாம் விக்டர் இமானுவேல் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

மன்னர் போடவில்லை.

ஏன்? ராணுவம் சுடுமா என்ற சந்தேகம், உள்நாட்டுப் போர் வந்துவிடும் என்ற அச்சம், பாசிஸ்டுகளுக்கு நெருக்கமான தன் உறவினர் ஆவோஸ்டா கோமகன் அரியணைக்கு வந்துவிடுவாரோ என்ற பயம் என்று வரலாற்றாசிரியர்கள் பல காரணம் சொல்கிறார்கள். எது முதல் காரணம் என்று மன்னர் மனசுக்குத்தான் தெரியும். ஃபாக்டா ராஜினாமா செய்தார். மிலானில் காத்திருந்த முசோலினிக்கு அழைப்பு போனது. ரயில் ஏறினார். பேரணிக்காரர்கள் ரோம் நகருக்குள் ஊர்வலம் போனது அவர் பிரதமரான பிறகுதான்.

முதல் அமைச்சரவையில் பாசிஸ்டுகள் சிறுபான்மைதான். நவம்பரில் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆதரவாக 306, எதிராக 116. பாசிஸ்டுகளிடம் இருந்தது 35 இடம். மீதி ஓட்டு போட்டது யார்? ஜொலிட்டி உள்ளிட்ட முன்னாள் பிரதமர்கள். பின்னாளில் ஜனநாயக இத்தாலியைக் கட்டி எழுப்பிய அல்சிடே டி கஸ்பெரியும் அந்த 306-ல் ஒருவர்.

ஒரு எம்.பி.யின் கொலை

அடுத்து தேர்தல் சட்டத்தை மாற்றினார்கள். 25 சதவீத ஓட்டோடு முதலிடம் வரும் பட்டியலுக்கு மூன்றில் இரண்டு பங்கு இடம். இதையும் நாடாளுமன்றம்தான் நிறைவேற்றிக் கொடுத்தது. 1924 ஏப்ரல் தேர்தல் அடிதடியோடு நடந்தது, முசோலினி அணி அமோக வெற்றி.

மே 30 அன்று சோஷலிஸ்ட் எம்.பி. ஜாக்கோமோ மத்தியோத்தி அவையில் எழுந்தார். எந்த ஊரில் யாரை அடித்தார்கள், எங்கே வேட்பாளரைத் தடுத்தார்கள் என்று அடுக்கினார். இடையிடையே கூச்சல். அவர் நிறுத்தவில்லை. தேர்தலை ரத்து செய்யக் கேட்டார். ஜூன் 10 அன்று ரோம் நகரில் பட்டப்பகலில், டைபர் நதிக்கரையில், காரில் இழுத்துப் போட்டுக் கடத்திக் கொன்றார்கள். இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்ட் 16-ல் உடல் கிடைத்தது.

நாடே அதிர்ந்தது. கட்சி வில்லையைச் சட்டையிலிருந்து கழற்றி மறைத்துக்கொண்டவர்கள் ஏராளம். முசோலினி விழப்போகிறார் என்றே பலரும் நினைத்தார்கள். எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்து வெளியேறின. மன்னர் பார்த்துக்கொள்வார் என்று காத்திருந்தன. மன்னர் அசையவில்லை. ஆறு மாதம் இப்படியே போனது. 1925 ஜனவரி 3 அன்று முசோலினி அவையில் நின்று, நடந்த எல்லாவற்றுக்கும் அரசியல் பொறுப்பு தனக்கே என்றார், முடிந்தால் தன்மீது வழக்குப் போடட்டும் என்று சவால் விட்டார். ஒருவரும் எழவில்லை. சர்வாதிகாரம் தொடங்கிய நாள் எது என்று கேட்டால், ரோம் பேரணியைவிட இந்த நாளைத்தான் சொல்ல வேண்டும். 1926 முடிவதற்குள் மற்ற கட்சிகள் தடை, சிறப்பு நீதிமன்றம், அன்டோனியோ கிராம்சி சிறையில்.

மிச்சக் கதை தெரிந்ததுதான். 1929-ல் வாடிகனோடு ஒப்பந்தம், 1935-ல் எத்தியோப்பியா மீது விஷவாயு வீசிய போர், 1938-ல் யூதர்களுக்கு எதிரான சட்டங்கள், 1940-ல் ஹிட்லர் பக்கம் உலகப் போர். வெளியில் அவருக்கு ரசிகர்கள் இருந்தார்கள். 1926-ல் விருந்தாளியாகப் போன தாகூர் முதலில் பாராட்டி, பின்பு உண்மை தெரிந்து கண்டித்து எழுதினார். 1936-ல் ரோம் வழியாக நாடு திரும்பிய நேரு, அழைப்பு வந்தும் அவரைச் சந்திக்க மறுத்துவிட்டார்.

1943 ஜூலையில், நேச நாட்டுப் படைகள் சிசிலியில் இறங்கிய பிறகு, சொந்தக் கட்சியின் பெருமன்றமே அவருக்கு எதிராக ஓட்டு போட்டது. அடுத்த நாள் அதே மன்னர் அவரைக் கைது செய்ய வைத்தார். ஜெர்மானியர்கள் மீட்டு வடக்கே பொம்மை அரசு வைத்துக் கொடுத்தார்கள். 1945 ஏப்ரல் 28 அன்று எதிர்ப்புப் படையினர் சுட்டுக் கொன்றார்கள். மறுநாள் மிலான் சதுக்கம் ஒன்றில் உடலைத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள்.

மறுபடி வருமா?

1946 வாக்கெடுப்பில் இத்தாலியர்கள் மன்னராட்சியையே ஒழித்தார்கள். விக்டர் இமானுவேல் எகிப்தில் செத்தார். புதிய அரசியல் சாசனம் பாசிசக் கட்சியை மறுபடி உருவாக்கத் தடை போட்டது. ஆனால் அதே 1946 டிசம்பரில் முசோலினியின் பழைய ஆட்கள் 'இத்தாலிய சமூக இயக்கம்' என்று வேறு பெயரில் கட்சி தொடங்கி, தேர்தலிலும் நின்றார்கள். அந்த மரபில் வளர்ந்த ஜியார்ஜியா மெலோனி 2022 அக்டோபரில் பிரதமரானார். ரோம் பேரணிக்குச் சரியாக 100 ஆண்டு. பாசிசத்தை வரலாற்றில் விட்டுவிட்டோம் என்கிறார் அவர். அவரது கட்சிக் கொடியில் அந்தப் பழைய கட்சியின் மூவண்ணச் சுடர் இன்னும் இருக்கிறது என்கிறார்கள் விமர்சகர்கள். இரண்டுமே உண்மை. ஆனால் தேர்தல் நடக்கிறது, நீதிமன்றம் நடக்கிறது, எதிர்க்கட்சிப் பத்திரிகை வெளிவருகிறது. இதை 1922 என்று சொல்வது அவசரம். 1922 அக்டோபரிலும் இவை எல்லாமே நடந்துகொண்டுதான் இருந்தன என்பதையும் மறக்க முடியாது. அவற்றை மூட முசோலினிக்கு நான்கு ஆண்டு பிடித்தது.

கையை நீட்டி வைக்கும் பாசிச வணக்கம் குற்றமா என்ற வழக்கு 2024 ஜனவரியில் இத்தாலி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பாசிசக் கட்சி உயிர்பெறும் ஆபத்து இருந்தால் குற்றம் என்று தீர்ப்பு. ஆபத்து இருக்கிறதா இல்லையா என்பதை ஒவ்வொரு வழக்கிலும் நீதிபதி பார்த்து முடிவு செய்ய வேண்டும். பிரெடாப்பியோவில் உள்ள குடும்பக் கல்லறைக்கு அவரது பிறந்த நாள், இறந்த நாள், ரோம் பேரணி நாள் என மூன்று முறை ஆண்டுதோறும் கறுப்புச் சட்டையில் கூட்டம் வருகிறது.