மில்டன் ஹெர்ஷி என்னும் மிட்டாய் வணிகர்

வணிகப் பெருமக்களின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் அன்னார் ஈட்டிய பொருளைச் சொல்லித் தொடங்குவது வழக்கம். நாமோ இம்முறை ஒருவர் இழந்த பொருளிலிருந்து தொடங்குகிறோம். அங்ஙனம் இழந்த பொருளும் அவருடையதன்று. அவர்தம் தாயின் உடன்பிறந்தாளும் தாய்மாமனும் நம்பிக் கொடுத்த பொருளாகும். உற்றார் கைமுதல் கொண்டு கடை வைத்து நொடித்தவர் இல்லாத குடும்பம் நம்மவருள் அரிது. ஆதலின் இச்சரித்திரம் நம் நேயர்களுக்கு அந்நியமாகத் தோன்றாதென நம்புகிறோம்.

மில்டன் ஹெர்ஷி 1857ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 13ஆம் தேதி, அமெரிக்க ஐக்கிய நாட்டைச் சார்ந்த பென்சில்வேனியா மாகாணத்தில் டெர்ரி என்னும் நாட்டுப்புறப் பகுதியிற் பிறந்தார். தந்தையார் ஹென்றி, கனவுகள் மிகுந்தவர். எத்தொழிலைத் தொட்டாலும் நிலைக்கவிடாமல் ஊர் ஊராய்ப் பெயர்ந்தவர். தாயார் ஃபான்னி, மென்னோனைட் என்னும் கட்டுப்பாடு மிக்க கிறிஸ்தவ சமயப் பிரிவிற் பிறந்து, உழைப்பும் சிக்கனமுமே உருவானவர். இவ்விருவரும் நாளடைவிற் பிரிந்தே வாழ்ந்தனர். பிள்ளை பல பள்ளிகள் மாறி, நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்தினான். ஜெர்மன் மொழிப் பத்திரிகை அச்சிடும் ஒருவரிடம் தொழில் பயில விட்டனர். அச்சு யந்திரத்துள் தன் தொப்பியை வீழ்த்தியதால் அங்கிருந்து நீக்கப்பட்டான் என்பர். பின்னர்த் தாயார் தாமே தேடி, லாங்காஸ்டர் நகரில் ராயர் என்னும் மிட்டாய்க்காரரிடம் சேர்த்தார். அங்கு நான்காண்டு பயின்று, சர்க்கரைப் பாகின் பதங்களைக் கைக்கணக்காக அறிந்துகொண்டான்.

1876ஆம் ஆண்டில், பத்தொன்பது வயது நிரம்பும் முன்னரே, பிலடெல்பியா நகரில் தமக்கெனக் கடை திறந்தார். இரவெல்லாம் பாகு காய்ச்சுவதும் பகலெல்லாம் விற்பதுமாக ஆறாண்டுகள் கழிந்தன. தாயாரும் பெரிய குடும்பத்துப் பெண்ணாகிய அத்தாயின் சகோதரியும் உடனிருந்து மிட்டாய்களைத் தாளிற் சுற்றிக் கொடுத்தனர். சர்க்கரைக் கடைக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய தொகை ஏற ஏற, ஊரிலுள்ள தாய்மாமனுக்குக் கடிதத்தின்மேற் கடிதம் சென்றது. உடல்நலமும் கெட்டது. 1882இல் கடை மூடப்பட்டது.

அதன்பின் மேற்றிசையிலுள்ள டென்வர் நகருக்குச் சென்று, ஒரு மிட்டாய்க்காரரிடம் கூலிக்கு வேலை பார்த்தார். முதலாளியாய் இருந்த ஆறாண்டுகளிற் கல்லாத ஒன்றை ஈண்டுக் கற்றார். காரமெல் என்னும் மெல்லிய பாகு மிட்டாயைப் பிறர் மெழுகு சேர்த்துச் செய்துகொண்டிருக்க, இக்கடையார் புதிய பசும்பால் சேர்த்துச் செய்தனர். அது சுவையும் மிகுந்து, நெடுநாள் கெடாமலும் இருந்தது. ஹெர்ஷியின் பிற்காலச் செல்வமனைத்தும் இவ்வொரு செய்தியிலிருந்து முளைத்தது என்பதே நம் கருத்து. எனினும் உடனே பலித்ததோ எனின், இல்லை. நியூயார்க் நகரில் மறுபடியும் கடை வைத்தார். 1886இல் அதுவும் நொடித்தது.

கையில் ஒன்றுமின்றி லாங்காஸ்டருக்குத் திரும்பியபோது தாய்வழி உறவினர் கதவடைத்துவிட்டனர். அவரை நாம் குறை கூறோம். தந்தையைப் போலவே மகனும் என்று எண்ண அவர்களுக்குக் காரணமிருந்தது. பழைய வேலைக்காரராகிய லெப்கிச்சர் என்பவர் தங்க இடமளித்து, ரெயிலிற் கட்டணமின்றிக் கிடந்த பாத்திர சாமான்களைத் தம் பணத்தால் மீட்டுக் கொடுத்தார். தாயும் அவர் சகோதரியும் மூன்றாம் முறையாக வந்து மிட்டாய் சுற்ற அமர்ந்தனர். பால் சேர்த்த காரமெல்லை உண்டு வியந்த ஓர் ஆங்கில இறக்குமதி வியாபாரி, இங்கிலாந்துக்கு அனுப்பப் பெருந்தொகையான சரக்கு வேண்டினார். வங்கிக் கடனின் தவணை நெருங்கிய வேளையில் அச்சரக்கின் பணம் வந்து சேர்ந்தது. அதன்பின் லாங்காஸ்டர் காரமெல் கம்பெனி விரைவில் வளர்ந்தது.

1893இல் சிகாகோ நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியில், ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து லேமன் கம்பெனியார் வைத்திருந்த சாக்லெட் யந்திரங்களைக் கண்டு, அவற்றை விலைக்கு வாங்கினார். மறு ஆண்டு சாக்லெட் கம்பெனி தொடங்கிற்று. 1900இல், நன்கு நடந்துகொண்டிருந்த காரமெல் வியாபாரத்தைப் பத்து லட்சம் டாலருக்கு விற்றுவிட்டுச் சாக்லெட்டை மட்டும் வைத்துக்கொண்டார். பிழைத்த தொழிலை விற்றுப் புதியதைப் பற்றுவது துணிவோ பேதைமையோ என அன்று பலர் ஐயுற்றிருப்பர்.

பால் சாக்லெட் அப்போது சுவிட்சர்லாந்துக்காரர் கைவசமிருந்த ரகசியம். செல்வர் மட்டுமே உண்ணும் பண்டம். பாலில் நீர் மிகுதி. கொக்கோவிற் கொழுப்பு மிகுதி. இரண்டும் எளிதிற் கலவா. பாலை மிகக் காய்ச்சினால் அடிப்பிடிக்கும்; குறையக் காய்ச்சினால் கெட்டுப்போகும். ஹெர்ஷி தாம் பிறந்த பண்ணையை மீண்டும் வாங்கி, அங்கே தம் ஆட்களுடன் இரவு பகலாய்ச் சோதனை செய்தார். இறுதியில், கொழுப்பு நீக்கிய பாலைச் சர்க்கரையுடன் காற்று நீக்கிய கலத்தில் மெல்லிய சூட்டில் வற்றவைக்கும் முறை கைகூடிற்று.

1903இல் அப்பண்ணையின் அருகிலேயே, சோள வயல்களின் நடுவில் தொழிற்சாலை கட்டத் தொடங்கி 1905இல் முடித்தார். நகரத்தை விட்டு வயற்காட்டிற்குப் போவானேன் என்பார்க்கு விடை அவ்வயல்களிலேயே நின்றது: பசுக்கள், நல்ல நீர், உழைக்கும் குடிகள். சாக்லெட்டின் விலையை 5 சென்ட் என்று நிறுத்தினார். கொக்கோவின் விலை ஏறினால் கம்பெனியார் கட்டியின் எடையைக் குறைப்பர், இறங்கினாற் கூட்டுவர், 5 சென்ட் மட்டும் மாறாது. அவர் மறைந்த பின்னும் 1969 வரை அவ்விலை நின்றது. நம் கடைக்காரர் இதனைச் சற்றே நின்று எண்ணிப் பார்க்கலாம்.

தொழிற்சாலையைச் சூழ ஊரொன்று எழுந்தது. வீடுகள், டிராம் வண்டி, பூங்கா, பள்ளி யாவும் அமைத்தார். ஆனால் அவ்வூருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நகரசபை இல்லை. எல்லாம் அவர் விருப்பப்படியே. அதன் விளைவு 1937இல் வெளிப்பட்டது. தொழிலாளர் தொழிற்சாலைக்குள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தனர். பால் விற்க வழியற்ற உழவர்களும், வேலை செய்ய விரும்பிய தொழிலாளரும் கூட்டமாய் உட்புகுந்து அவர்களை அடித்து வெளியேற்றினர். எண்பதை எட்டும் வயதில் அதனைக் கண்டு அவர் மிக மனமுடைந்தார் என்பர். கொடுத்தவர் மனம் நொந்தது மெய். எனினும் கொடுக்கப்பட்டவர் கேட்டது தருமமன்று, உரிமை என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது.

அவர் 1898இல் மணந்த காத்தரீன் அம்மையார்க்கு மக்கட்பேறு வாய்க்கவில்லை. 1909ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 15ஆம் தேதி இருவரும் 486 ஏக்கர் நிலத்தை எழுதிவைத்து அநாதைச் சிறுவர்க்குத் தொழிற்பள்ளி நிறுவினர். 1915இல் அம்மையார் காலமானார். மூன்றாண்டு கழித்து, ஏறக்குறைய 6 கோடி டாலர் மதிப்புள்ள தம் கம்பெனிப் பங்குகளை அப்பள்ளியின் தருமத்திற்கே ஓசையின்றி மாற்றி எழுதினார். 1923இல்தான் பத்திரிகைகள் வாயிலாக உலகம் அதனை அறிந்தது. அச்சாசனத்தில் வெள்ளையர் சிறுவர்க்கே இடம் என்றிருந்தது அக்காலத்தின் கறை. அவர் மறைந்து பல்லாண்டு கழித்தே அது நீக்கப்பட்டது. பெண் பிள்ளைகளுக்கும் 1970களில் இடம் கிடைத்தது. இன்று ஏறக்குறைய 2000 பிள்ளைகள் அங்கே கட்டணமின்றித் தங்கிப் பயில்கின்றனர்.

1945ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 13ஆம் தேதி தம் 88ஆம் வயதில் ஹெர்ஷி காலமானார். அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தில் மனைவியாரின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். வாழ்நாளிற் பிரிந்திருந்த தந்தையும் தாயும் அவ்விடத்திலேயே துயில்கின்றனர்.