வியன்னாவில் ஓர் அரங்கேற்றம்

பிள்ளையிடத்தில் இசைத்திறன் இருப்பதைக் கண்டு பூரிக்காத பெற்றோர் இல்லை. ஆயினும் திறன் என்பது வெறும் விதையே. நிலத்தைப் பண்படுத்துபவரும் களை பிடுங்குபவரும் இல்லாவிடில் அந்த விதை பயன்தராது. பியானோ வாசிப்போரில் மன்னர் எனப் போற்றப்பட்ட பிரான்ற்ஸ் லிஸ்ற் அவர்களின் இளமைப் பருவம் இவ்வுண்மைக்கு நல்லதோர் சான்றாகும்.

1811ஆம் ஆண்டு ஒக்டோபர் 22ஆம் திகதி, அன்று ஹங்கேரிக்கும் இன்று ஒஸ்திரியாவுக்கும் உரிய றைடிங் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தை ஆதாம் லிஸ்ற், எஸ்ரர்ஹாசி பிரபுவின் ஆட்டுப் பண்ணைகளைக் கண்காணித்துக் கணக்கெழுதும் உத்தியோகத்தர். இளமையில் பிரான்சிஸ்கன் சபையில் நவசந்நியாசியாகச் சிலகாலம் இருந்தவர். பிரபுவின் வாத்தியக் குழுவில் செல்லோ வாசித்தவர். ஹைடன், ஹம்மல் போன்ற பெரும் இசைஞரை அறிந்தவர். தம்மால் எட்ட முடியாத இசை வாழ்வை மகனாவது எட்டவேண்டும் என்பது அவர் உள்ளத்தில் கனன்றுகொண்டிருந்த ஆசை.

பிள்ளையோ நோஞ்சான். அடிக்கடி காய்ச்சலிலும் மயக்கத்திலும் விழுவான். ஆனால் ஆறு வயதில், தந்தை வாசித்த ஓர் இசைப்பகுதியைக் கேட்டிருந்து, மாலையில் அதன் மெட்டைப் பிழையின்றிப் பாடிக் காட்டினான். அன்றுமுதல் தந்தையே ஆசானானார்.

1820இல் சிறுவன் சொப்றோன் நகரிலும் பிறெஸ்பேர்க் நகரிலும் வாசித்தான். பிறெஸ்பேர்க்கில் அவனைக் கேட்டு வியந்த ஹங்கேரியப் பிரபுக்கள், ஆண்டுக்கு 600 புளோரின் வீதம் ஆறு ஆண்டுகளுக்கு உபகாரச் சம்பளம் தர முன்வந்தனர். ஹம்மலிடம் மகனை ஒப்படைக்கத் தந்தை எண்ணினார். அவர் கேட்ட கட்டணமோ குடும்பத்துக்கு எட்டாததாயிருந்தது. எனவே 1822இல், நிலையான உத்தியோகத்தை விட்டு விலகி நின்று, மனைவி அன்னாவோடும் மகனோடும் வியன்னாவுக்குக் குடிபெயர்ந்தார். பத்து வயதுப் பாலகனை நம்பி ஒரு குடும்பமே வீட்டைவிட்டுப் புறப்பட்டது.

அங்கே கிடைத்த ஆசான் கார்ல் செர்னி. பேத்தோவனின் மாணவரான இவர், பெருங் கட்டணம் பெறக்கூடிய ஆசிரியர். சிறுவனின் வாசிப்பு அவரை வியக்கவும் வைத்தது, கவலைப்படவும் வைத்தது. எந்த விரலை எங்கே வைப்பதென்ற ஒழுங்கு இல்லை. தாளக் கட்டுப்பாடு இல்லை. உடல் ஆசனத்தில் தள்ளாடியது. ஊரெல்லாம் கைதட்டிய பிள்ளையைச் செர்னி அரிச்சுவடியிலிருந்து தொடங்கவைத்தார். எல்லாச் சுரவரிசைகளிலும் பயிற்சி, தாளம் பிசகாத வாசிப்பு, கிளெமென்ரியின் சொனாற்றாக்கள் என ஒவ்வொரு மாலையும் பாடம் நடந்தது. சிறுவனுக்கு இது கசந்தது. ஆசிரியர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் சில பாடங்களின் பின் தந்தை கட்டணத்தை நீட்டியபோது அவர் அதை வாங்க மறுத்துவிட்டார். கண்டிப்பும் கனிவும் ஒரே கையிலிருந்து வந்தன. இசை இலக்கணத்தை முதியவரான சலியேரி கற்பித்தார்.

1822 டிசம்பர் 1ஆம் திகதி வியன்னாவில் அரங்கேற்றம் நடந்தது. பதினொரு வயதுச் சிறுவன் வாத்தியக் குழுவோடு வாசித்தது, எவரிடம் கற்க வசதி இல்லாதிருந்ததோ அந்த ஹம்மலின் கொன்சேர்ட்டோவையே! பின்னர் பேத்தோவனின் ஏழாம் சிம்பனியிலிருந்தும் றொசினியின் பாடலொன்றிலிருந்தும் மெட்டுகளை எடுத்து, மேடையிலேயே கற்பனையாக விரித்தான். சபை மெய்ம்மறந்தது. 1823 ஏப்ரல் 13ஆம் திகதி நடந்த அடுத்த கச்சேரியில் பேத்தோவன் மேடையேறி அவனை முத்தமிட்டார் என்பர். வரலாற்று ஆசிரியர்கள் இதனை ஐயுறுகின்றனர். அந்த முத்தம் இல்லாமலே சிறுவனின் பெயர் நகரெங்கும் பரவியது.

அதே ஆண்டில் குடும்பம் பாரிசுக்குச் சென்றது. பிறநாட்டான் என்பதால் அங்குள்ள இசைக் கல்லூரி அவனைச் சேர்க்க மறுத்தது. ஆயினும் 1824 மார்ச்சில் பாரிஸ் அரங்கும் அவன் வசமாயிற்று. 1827இல், கச்சேரிப் பயணங்களால் களைத்திருந்த வேளையில், புலோன் கடற்கரை நகரில் தந்தை காய்ச்சலால் இறந்தார். பதினைந்து வயது மகன் பாரிசில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத் தாயைத் தாங்கினான்.

பிற்காலப் புகழை உலகறியும். அவர் வாழ்வில் தடுமாற்றங்களும் இருந்தன, அவற்றை மறைக்கவேண்டியதில்லை. 1865இல் உரோமையில் சிறு பட்டங்களைப் பெற்றார். குருவாக அபிஷேகம் பெறவில்லை. 1886 ஜூலை 31ஆம் திகதி பைறொயித் நகரில் காலமானார்.

ஆனால் பெற்றதை அவர் மறக்கவில்லை. 1838இல் டான்யூப் நதி பெருகிப் பெஸ்ற் நகரைப் பாழாக்கியபோது, தம்மை அரங்கேற்றிய வியன்னாவுக்கே திரும்பிவந்து, பாதிக்கப்பட்டோருக்காகக் கச்சேரிகள் செய்தார். தம் கடினமான பயிற்சி நூலைச் செர்னிக்கே காணிக்கையாக்கினார். முதிய வயதில் வைமார் நகரில் தம்மை நாடிவந்த இளைஞர்களுக்குக் கட்டணம் எதுவும் பெறாமலே கற்பித்தார். செர்னி வாங்க மறுத்த பணம் இவ்வாறு பல மடங்காகப் பிறருக்குச் சென்று சேர்ந்தது.

மேடையில் நிற்கும் பிள்ளையைத்தான் சபை காணும். அவனை அங்கே நிறுத்திய தந்தையின் தியாகத்தையும், தாயின் பொறுமையையும், புகழ்மொழிக்கு மயங்காமல் பிழை திருத்திய ஆசானையும் அந்தப் பிள்ளை மறவாதிருந்தால், அதுவே அரங்கேற்றத்தின் நிறைவு.