தெருவில் நடப்பவர்களைப் பார்த்தே ஒரு நோயைக் கண்டவர்: யார் இந்த ஜேம்ஸ் பார்க்கின்சன்?

இணையத்தில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்று தேடிப் பாருங்க. சில பக்கங்களில் தாடி வைத்த ஒருவரின் கறுப்பு வெள்ளை போட்டோ வரும். அது அவர் இல்லை. அவர் இறந்தது 1824-ல்; மனிதர்களை போட்டோ எடுக்கும் வசதியே அப்போது வரவில்லை. அவருடையது என்று உறுதியாகச் சொல்ல ஓர் ஓவியம்கூட கிடையாது. உயரம் குறைவு, நல்ல சுறுசுறுப்பு, மென்மையான பழக்கவழக்கம் என்று அவரைச் சந்தித்த கிடியன் மேன்டல் எழுதிவைத்த குறிப்புதான் இருக்கிறது.

முகம் தெரியாத இந்த மனிதரின் பெயர்தான் இன்று உலகம் முழுக்க நரம்பியல் டாக்டர்களின் சீட்டில் எழுதப்படுகிறது. பார்க்கின்சன் நோய். நம்ம ஊரில் நடுக்குவாதம் என்பார்கள்.

1755 ஏப்ரல் 11-ல் லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் பிறந்தார். உலக பார்க்கின்சன் தினம் ஏப்ரல் 11-ல் வருவது இதனால்தான். அப்பா, மருந்தும் கலந்து கொடுத்து வைத்தியமும் பார்க்கும் உள்ளூர் மருத்துவர். மகனும் அதே தொழில், அதே பகுதி. வாழ்நாள் முழுக்க அங்கேதான். பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற பெரிய டாக்டர்களின் வரிசையில் அவர் இல்லை. ஏழைகளும் கைவினைத் தொழிலாளர்களும் நிறைந்த ஒரு புறநகரின் டாக்டர், அவ்வளவுதான்.

மன்னரைக் கொல்ல சதியா?

இங்கேதான் கதை வேறு பக்கம் போகிறது. பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்த காலம். இங்கிலாந்தில் வாக்குரிமை சொத்துள்ள சிலருக்கு மட்டும். இதை மாற்றக் கேட்ட லண்டன் கரெஸ்பாண்டிங் சொசைட்டியில் செருப்பு தைப்பவர்கள், கடைக்காரர்களோடு பார்க்கின்சனும் சேர்ந்தார். ஓல்ட் ஹியூபர்ட் என்ற புனைபெயரில் அரசைக் கிண்டலடித்துத் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார். ரத்தம் சிந்தாமல் சீர்திருத்தம் வேண்டும் என்பதுதான் அவர் கட்சி.

1794-ல் அவருக்குத் தெரிந்த சிலரைக் கைது செய்தார்கள். நாடக அரங்கில் வைத்து, காற்றுத் துப்பாக்கியால் விஷ அம்பு எய்து மன்னர் மூன்றாம் ஜார்ஜைக் கொல்லச் சதி செய்தார்களாம். தேசத்துரோகம் நிரூபணமானால் மரண தண்டனை. பிரதமர் வில்லியம் பிட் உள்ளிட்டோர் இருந்த பிரிவி கவுன்சில் முன் பார்க்கின்சனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். தன்னையே குற்றவாளியாக்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கட்டாயம் இல்லை என்ற உறுதி கிடைத்த பிறகே வாய் திறந்தார். ஓல்ட் ஹியூபர்ட் நான்தான் என்பதையும் ஒப்புக்கொண்டார். 39 வயது, குடும்பஸ்தர். ஒரு பதில் பிசகியிருந்தால் அவர் வாழ்க்கை அங்கேயே முடிந்திருக்கலாம். கடைசியில் வழக்கு நிற்கவில்லை. பார்க்கின்சனும் மெல்ல அரசியலை விட்டு ஒதுங்கினார்.

பிறகு புதைபடிவங்கள் பக்கம் போனார். அதைப் பற்றி மூன்று பாகங்களில் புத்தகம் எழுதினார். 1807-ல் லண்டன் புவியியல் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். பழங்கால அம்மோனைட் உயிரினம் ஒன்றுக்கு இன்றும் பார்க்கின்சோனியா என்றுதான் பெயர். அவர் வாழ்ந்த காலத்தில் படித்தவர்களிடையே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது நடுக்கம் இல்லை, இந்தக் கற்கள்தான்!

ஆறே ஆறு பேர்

1817-ல், 60 வயதைத் தாண்டிய பிறகு, நடுக்கவாதம் பற்றி 66 பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அதில் இருப்பது ஆறே ஆறு பேரின் கதை. அதிலும் இரண்டு பேர் தெருவில் எதேச்சையாகச் சந்தித்தவர்கள். நிறுத்திப் பேசி விவரம் கேட்டுக்கொண்டார். ஒருவர் முன்னாள் மாலுமி. ஸ்பெயின் சிறையில் ஈரத்தரையில் பல மாதம் படுத்ததால்தான் இப்படி ஆச்சு என்று நம்பியவர்.

இன்னொருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. அவரால் தானாக நடையைத் தொடங்க முடியாது. உதவியாளர் எதிரே நின்று தோளைப் பிடித்து, மெல்ல முன்னும் பின்னும் ஆட்டி நிலைப்படுத்தி விடுவார். விட்டதும் அவர் முன்னோக்கி ஓட ஆரம்பிப்பார். விழாமல் தாங்க உதவியாளரும் விலகி முன்னால் ஓடுவார். பார்க்கின்சன் நோயாளியை வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கு இந்தக் காட்சி புதுசா இருக்காது.

நடுக்கம், கூன் விழுந்த உடம்பு, கட்டுப்படாமல் வேகமெடுக்கும் நடை. இவையெல்லாம் தனித்தனியாக முன்பே எழுதப்பட்டவைதான். ஒரு கையில் தொடங்கி, வருடக்கணக்கில் மெல்லப் பரவும் ஒரே நோயின் கட்டங்கள் இவை என்று கோத்துச் சொன்னது பார்க்கின்சன். கை சும்மா இருக்கும்போது நடுங்குகிறது, வேலை செய்யும்போது குறைகிறது என்ற வித்தியாசத்தையும் கவனித்தார்.

எல்லாமே சரியாகச் சொல்லவில்லை. அறிவுத்திறன் பாதிக்கப்படாது என்றார். பலருக்குப் பிற்காலத்தில் பாதிக்கும் என்பது இப்போது தெரியும். கழுத்தில் ரத்தம் எடுக்கலாம் என்று சிகிச்சை சொன்னார். நோயின் வேர் கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் இருக்கலாம் என்று ஊகித்தார். இத்தனைக்கும் பெரிய துப்பு அவர் கையிலேயே இருந்தது. ஆறாவது நோயாளிக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்தபோது அந்தப் பக்க நடுக்கம் நின்றுபோனது. கைக்குப் பலம் திரும்பியதும் நடுக்கமும் திரும்பியது. மூளையைப் பார் என்று சொல்லும் துப்பு அது.

ஆனால், தான் சொல்வது ஊகம்தான், இறந்தவர் உடலைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு தனக்குக் கிடைக்கவில்லை என்பதை முன்னுரையிலேயே ஒளிக்காமல் எழுதினார். உடற்கூறு தெரிந்தவர்கள் தேடிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அரைகுறையாக இருந்தும் இதை வெளியிடுவதாகச் சொன்னார்.

1824 டிசம்பர் 21-ல் பக்கவாதத்தால் இறந்தார். சுமார் அரை நூற்றாண்டு கழித்து பாரிஸில் ழான் மார்ட்டின் ஷார்கோ இந்த நோய்க்குப் பார்க்கின்சன் பெயரை வைத்தார். தசை இறுக்கத்தை விளக்கியவரும் அவர்தான். உடற்கூறு நிபுணர்களிடம் பார்க்கின்சன் வைத்த கோரிக்கைக்கு 1919 வரை தெளிவான பதில் வரவில்லை. அந்த வருடம் கான்ஸ்டன்டின் ட்ரெட்டியாகாஃப் இறந்த நோயாளிகளின் மூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற கரும்பகுதியின் செல்கள் அழிந்திருப்பதைக் காட்டினார். மூளையில் டோபமைன் குறைந்துபோவதுதான் பிரச்சினை என்பது 1960-ல் தெரிந்தது. லெவோடோபா மருந்து அதன் பிறகே வந்தது.