மேரி அரசியாரும் மறையெழுத்தும்

அரண்மனையிற் பிறந்து, சிறையில் முதிர்ந்து, ஒரு கடிதத்தால் உயிரிழந்தவர் ஸ்காட்லாந்து நாட்டு அரசியாராகிய மேரி ஸ்டூவர்ட். அவர்தம் சரிதத்தை அறிந்தோர் பலர்; அவரது வீழ்ச்சியில் மறையெழுத்துக்குள்ள பங்கினை ஆராய்ந்தோர் சிலரே.

மேரி 1542-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் பிறந்தார். ஆறு நாட்களுக்குள் தந்தையாராகிய ஐந்தாம் ஜேம்ஸ் மன்னர் இறக்கவே, தொட்டிற் குழவியாயிருக்கையிலேயே அரசுரிமை எய்தினார். பிரெஞ்சு நாட்டில் வளர்ந்து, 1558-இல் அந்நாட்டு இளவரசரை மணந்து, 1560-இல் கைம்மை உற்று, மறு ஆண்டு தாயகம் மீண்டார். 1567-இல் பிரபுக்களின் வற்புறுத்தலால் முடிதுறந்தார். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலே அடைக்கலம் புக, எலிசபெத்து அரசியார் அவரைக் காவலில் வைத்தார். அக்காவல் ஏறத்தாழ 19 ஆண்டுகள் நீடித்தது.

சிறைப்பட்டார்க்கு வெளியுலகத் தொடர்பு கடிதம் ஒன்றே. 1586-இல் சார்ட்லி மாளிகையில் இருந்தபோது, பீர் என்னும் மதுப் பீப்பாய்களினுள் ஒளித்து மேரியின் கடிதங்கள் சென்றுவந்தன. அவை வெளிப்படையான எழுத்தில் அமைந்தனவல்ல. 23 எழுத்துக்களுக்குத் தனித்தனிக் குறிகளும், அடிக்கடி வரும் சொற்களுக்கு வேறு குறிகளும், பகைவரை மயக்கப் பொருளற்ற குறிகள் நான்கும் அவற்றில் இருந்தன. சொல்லக் கருதியது மூலச்செய்தி. குறிகளாய் மாறியது மறைசெய்தி. ஒன்றை மற்றொன்றாக்கும் அட்டவணையே திறவுகோல் எனப்படும்.

ஆயின், கடிதம் கொண்டுசெல்ல ஏற்பாடு செய்த கில்பர்ட் கிஃபர்ட் என்பான், எலிசபெத்தின் அமைச்சராகிய வால்சிங்ஹாமின் ஒற்றன். ஒவ்வொரு கடிதமும் வழியிலே பிரிக்கப்பட்டுப் படியெடுக்கப்பட்டது. பின்னர் முத்திரை ஐயுறாவண்ணம் மீண்டும் ஒட்டப்பட்டது. ஆங்கிலத்தில் ‘ஈ’ என ஒலிக்கும் எழுத்தே மிகுதியாக வருவது. இவ்வாறு எந்தக் குறி எத்துணை முறை வருகின்றது என எண்ணிக் காண்பார்க்குத் திறவுகோல் இல்லாமலே மறைவு விலகும். தாமஸ் பெலிப்ஸ் என்பவர் இக்கலையில் வல்லவர்.

எலிசபெத்தைக் கொன்று மேரியை விடுவிக்கும் சூழ்ச்சியைத் தெரிவித்து, பாபிங்டன் என்னும் இளைஞர் அவ்வாண்டு ஜூலையில் எழுதினார். 17-ஆம் நாள் மேரி விடை விடுத்தார். கொலை புரியவிருந்த அறுவரின் பெயர்களைக் கேட்கும் சில வரிகளை, மேரியே எழுதினாற்போல அதே குறிகளில் பெலிப்ஸ் அக்கடிதத்தின் இறுதியிற் சேர்த்தார். மெய் வரி இது, போலி வரி இது என்று பிரித்தறிய அம்முறையில் வழியில்லை. சூழ்ச்சியாளர் பிடிபட்டு மாண்டனர். அக்கடிதங்களே அக்டோபர் மாதத்து விசாரணையில் மேரிக்கு எதிரான சான்றாயின. 1587-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள், தம் 44-ஆம் வயதில், ஃபாதரிங்கே கோட்டையில் மேரி தலை துணிக்கப்பட்டார். 1603-இல் அவர் மைந்தர் ஜேம்ஸ், எலிசபெத்தின் அரியணை ஏறினார்.

இக்காலத்தில் கணினிக்குக் கணினி கோப்புக்களை அனுப்பும் நாமும் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். இடையிலுள்ளார் இதனைப் படிக்க இயலுமோ? இயலாதாக்குவது மறையாக்கம். வழியில் எவரேனும் இதனை மாற்றினரோ? மாற்றத்தைக் காட்டிக்கொடுப்பது மின்கையொப்பம். எதிரிலுள்ளவர் நாம் கருதியவர்தாமோ? அதனைத் தெளிவிப்பது அடையாளச் சரிபார்ப்பு. மேரி அரசியார் முதலாவதை மட்டுமே, அதனையும் வலுவற்ற முறையிலே, பற்றி நின்றார். மறைவெழுத்தென்று நம்பியதாலேயே, எழுதலாகாதனவற்றை எழுதத் துணிந்தார். காவலற்ற கடிதத்தினும் காவலுண்டென்று மயங்கிய கடிதம் பெருங்கேடு விளைத்தமையை அவர் வாழ்வு நமக்குக் காட்டுகின்றது.