வேதநாயக சாஸ்திரியார்: சபை இசையும் சபை எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

மெதடிச இயக்கம் பாடலால் வளர்ந்த இயக்கம் என்பது சமய வரலாற்றார் பலரும் ஏற்கும் கருத்தாகும். அவ்வியக்கத்தின் இசைக்கு ஊற்றாக அமைந்த செருமானியப் பக்தி இயக்கமே தரங்கம்பாடி வழியாகத் தமிழ்ச் சீர்திருத்தக் கிறித்தவத்திற்கும் ஊற்றாயிற்று. இவ்வுறவின் பின்னணியில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) வாழ்வை இக்கட்டுரை நோக்குகிறது. சபை மக்கள் அனைவரும் கூடிப் பாடும் இசையைத் தமிழில் ஆக்கித் தந்தவர், அம்மக்கள் ஒன்றாக அமர்வதை எதிர்த்தவராகவும் இருந்தார். இம்முரணை மறைக்காமல் அவருடைய இசைப்பணியை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: வேதநாயக சாஸ்திரியார், கீர்த்தனை, ஞானப்பாட்டு, மெதடிசம், குறவஞ்சி, சபை வழிபாடு, சாதி

முன்னுரை

1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். அவர்தம் பணிபற்றிய செய்திகள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு இங்கிலாந்தில் பரவின. 1712ஆம் ஆண்டையொட்டி எப்வொர்த் என்னும் சிற்றூரின் குருமனையில் அந்நூலைப் படித்தவர் சுசன்னா வெஸ்லி. கணவர் இலண்டன் சென்றிருந்த அக்காலத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தம் வீட்டில் அவர் நடத்திய குடும்பச் செபக் கூட்டத்தில் அண்டை வீட்டாரும் சேரத் தொடங்கினர். கூட்டம் 200 பேர் அளவிற்குப் பெருகியது. அவ்வாறு கூட்டம் நடத்தும் துணிவைத் தரங்கம்பாடிச் செய்தி தமக்குத் தந்ததாக அவரே கணவருக்கு எழுதிய மடலில் குறித்துள்ளார். அவ்வீட்டில் அப்போது சிறுவராயிருந்த ஜான் வெஸ்லியும் (1703–1791) சார்லஸ் வெஸ்லியும் (1707–1788) பின்னாளில் மெதடிச இயக்கத்தைத் தோற்றுவித்தனர்.

இவ்வுறவு இசையிலும் தொடர்ந்தது. 1736ஆம் ஆண்டு அமெரிக்காவிற்குக் கப்பலில் சென்றபோது, கடும்புயலின் நடுவே மொராவியர் அச்சமின்றிப் பாடியதைக் கேட்ட ஜான் வெஸ்லி, செருமானிய மொழியைப் பயின்று முப்பதுக்கும் மேற்பட்ட பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அவற்றுள் ஹாலே நகரப் பக்தி மரபைச் சேர்ந்த பாடல்களும் உண்டு. அதே ஹாலேயிலிருந்துதான் சீகன்பால்கு முதல் சுவார்ட்ஸ் வரையிலான தரங்கம்பாடி, தஞ்சைக் குருமார் பலரும் வந்தனர். ஓர் ஊற்றிலிருந்து பிரிந்த இரு கால்களாக இங்கிலாந்தின் மெதடிசப் பாடலையும் தமிழகத்தின் ஞானப்பாட்டையும் கருதலாம். தமிழ்க்காலில் பாய்ந்த நீரைத் தமிழ் நிலத்திற்கு ஏற்றதாக ஆக்கியவர் வேதநாயக சாஸ்திரியார்.

நெல்லையிலிருந்து தஞ்சைக்கு

வேதநாயகம் 1774ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 7ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தையார் தேவசகாயம் வேளாளர் குடியினர். சைவத்திலிருந்து கிறித்தவத்தைத் தழுவி உபதேசியாராகப் பணியாற்றியவர். 1785ஆம் ஆண்டு திருநெல்வேலிக்கு வந்த கிறித்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ், சிறுவனின் அறிவுக்கூர்மையைக் கண்டு தந்தையின் இசைவோடு தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். திருக்குற்றாலக் குறவஞ்சி எழுந்த நெல்லைச் சீமையில் பிறந்து, மராத்தியர் அவையின் இசையும் கூத்தும் செழித்த தஞ்சையில் வளர்ந்தமை அவருடைய கவித்திறனுக்குப் பின்புலமாயிற்று.

சுவார்ட்ஸின் பாதுகாப்பில் அக்காலத்தில் மற்றொரு சிறுவரும் இருந்தார். அவரே பின்னாளில் அரியணை ஏறிய இரண்டாம் சரபோசி. அரசராக வேண்டியவரும் உபதேசியார் மகனும் ஓர் ஆசிரியரின் நிழலில் வளர்ந்தனர். வேதநாயகம் பின்னர்த் தரங்கம்பாடி சென்று குருமாரிடம் இறையியலோடு கணிதம், வானியல், உடற்கூற்றியல் ஆகியவற்றையும் பயின்றார். 1794ஆம் ஆண்டு, இருபது வயது நிரம்பும் முன்னரே, தஞ்சைச் சபைப்பள்ளியின் தலைமையாசிரியராக அமர்த்தப்பெற்றார்.

இருவகை இசை

அக்காலத் தஞ்சைச் சபையில் பாடப்பெற்றவை பெரும்பாலும் செருமானியப் பாடல்களின் தமிழ்ப் பெயர்ப்புகள். பப்ரீசியுஸ் போன்றோர் பெயர்த்த அவ்வகைப் பாடல்கள் ஞானப்பாட்டுகள் எனப்பட்டன. அவற்றின் பொருள் ஆழமானது. ஆயின் மெட்டு அயலானது. செருமானிய மெட்டில் ஒவ்வோர் அசைக்கும் ஏறத்தாழ ஒரு தாளநிலை உண்டு. தமிழிலோ குறில் நெடில் வேறுபாடு பொருளையே மாற்றவல்லது. அம்மெட்டில் தமிழைப் பொருத்தும்போது குறில் நீண்டு ஒலிப்பதும், சொல் நடுவே பிளவுபடுவதும் நேர்கின்றன. அடியின் தொடக்கத்தில் எதுகையும் மோனையும் தேடும் தமிழ்ச் செவிக்கு அடியிறுதியின் இயைபு மட்டும் நிறைவு தருவதில்லை.

வேதநாயகம் ஞானப்பாட்டுகளை வெறுக்கவில்லை. அவற்றை இறுதிவரை போற்றினார். எனினும், அவற்றோடு அமையாமல் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் கீர்த்தனை அமைப்பைச் சபைக்குரிய வடிவமாக ஆக்கினார். இவ்வடிவத்திற்குச் சபை வழிபாட்டில் தனிப்பயன் ஒன்று உண்டு. சரணங்களை ஒருவர் பாட, பல்லவியை அனைவரும் எடுத்துப் பாடலாம். எழுத்தறியாதாரும் நூலின்றிப் பாட்டில் பங்கு கொள்ள இயலும். சரணங்கள் மறைக்கதையையும் கோட்பாட்டையும் விரிக்க, பல்லவி அவற்றின் சாரத்தை மனத்தில் நிறுத்தும்.

மெதடிசப் பாடலும் இவ்வழியிலேயே இயங்கியது. சார்லஸ் வெஸ்லி இயற்றிய பாடல்கள் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டவை. சுரங்கத் தொழிலாளரும் நெசவாளரும் இறையியலைக் கற்றது பெரிதும் அப்பாடல்களின் வாயிலாகவே. அனைவரும் பாட வேண்டும், தாளம் பிசகலாகாது, பிறர் குரலை அமுக்கும் அளவிற்கு எவரும் கத்தலாகாது, பாடும்போது உள்ளம் இறைவன்பால் நிற்க வேண்டும் என்னும் கருத்தமைந்த நெறிகளை 1761ஆம் ஆண்டு ஜான் வெஸ்லி வகுத்தார். நாடக அரங்கிற்கு இசையமைத்துவந்த லாம்பே, 1746ஆம் ஆண்டு சார்லஸின் திருவிழாப் பாடல்களுக்கு மெட்டமைத்தார். மக்கள் விரும்பிய அரங்கிசையைச் சபைக்குள் கொணர அவ்வியக்கம் தயங்கவில்லை. வேதநாயகமும் கும்மி, நொண்டி நாடகம், உலா, குறவஞ்சி முதலிய வடிவங்களை அவ்வாறே கையாண்டார். அவ்விருவரிடையே நேரடித் தொடர்பு இல்லை. ஒத்த தேவை ஒத்த தீர்வை நாடியது என்பதே பொருந்தும்.

பெத்லகேம் குறவஞ்சி

1800ஆம் ஆண்டையொட்டி எழுந்த பெத்லகேம் குறவஞ்சி அவருடைய நூல்களுள் தலையாயது. குறவஞ்சியின் மரபான உறுப்புகள் யாவும் இதில் உள்ளன. பாட்டுடைத் தலைவன் பெத்லகேம் நாதர். அவர்மேல் காதல்கொண்ட தலைவி தேவமோகினி, திருச்சபையின் உருவகம். குறத்தி குறி சொல்வது இறைவாக்கின் குறியீடாகவும், பறவைகளுக்கு வலை விரிப்பது நற்செய்திப் பணியின் குறியீடாகவும் அமைகின்றன. குறத்தி தன் நாட்டுவளம் கூறும் மரபான இடத்தில் உலகப் புவியியல் இடம்பெறுகிறது. கோள்கள் கதிரவனைச் சுற்றும் வானியல் செய்தியும் நூலுள் உண்டு. தரங்கம்பாடிக் கல்வி இங்குப் பாட்டாயிற்று.

ஜெபமாலை, ஞானத்தச்ச நாடகம், பேரின்பக் காதல், ஆரணாதிந்தம், சாஸ்திரக் கும்மி முதலியனவும் அவர் இயற்றியவை. சாஸ்திரக் கும்மி சகுனம், நாள்கோள் பார்த்தல் முதலிய நம்பிக்கைகளை எள்ளி நகையாடுவது. அவர் நூல்கள் நூற்றுக்கு மேற்பட்டவை என மரபு கணக்கிடுகிறது. அவரும் அவர்தம் மாணாக்கரும் குழுவாக இருந்து இவற்றைப் பாடினர். வளர்ப்பு மகளான ஞானதீபமும் இசைப்பயிற்சி பெற்றவர். சபையார் அவருக்குச் சுவிசேடக் கவிராயர் என்னும் பட்டத்தை வழங்கினர்.

அரசவையும் கவிஞரும்

1798ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுவார்ட்ஸ் மறைந்தார். அவ்வாண்டிலேயே சரபோசி அரியணை ஏறினார். அவர் காலத் தஞ்சையில் கருநாடக இசையோடு மேலை இசைக்கருவிகளும் ஒலித்தன. சரசுவதி மகால் நூலகம் வளர்ந்தது. அண்மையில் திருவையாற்றில் தியாகராசர் (1767–1847) வாழ்ந்தார். அரசரைத் தலைவராகக் கொண்ட சரபேந்திர பூபாலக் குறவஞ்சியும் அக்காலத்தது. இச்சூழலில் அரசர் தம் இளமைத் தோழரான கவிஞரை ஆதரித்தார். பிற தெய்வங்களைப் பாடும்படி வேண்டப்பட்டபோது அவர் மறுத்தார் என்பது அவர் குடும்ப மரபு வழங்கும் செய்தி. அரசரின் ஆதரவைப் பெற்ற நிலையிலும் பாடுபொருளை அவர் மாற்றிக்கொள்ளவில்லை என்பதை அவருடைய நூல்களே காட்டுகின்றன.

நான்கு கொடுமைகள்

1820களில் தஞ்சைக்கு வந்த புதிய குருமார் பழைய ஹாலே மரபினரின் மெல்லிய போக்கை ஏற்கவில்லை. கோயிலில் வேளாளரும் பறையரும் தனித்தனிப் பகுதிகளில் அமர்ந்த வழக்கத்தை ஒழிக்க முனைந்தனர். கூடவே வேறு மாற்றங்களையும் புகுத்தினர். வேதநாயக சாஸ்திரியார் இவற்றை நான்கு கொடுமைகள் என வகுத்து எதிர்த்து எழுதினார். பழகிய விவிலியத் தமிழை மாற்றுதல், சாதி வேறுபாட்டை நீக்கிச் சபையாரை ஒன்றாக்க முனைதல், திருமணத்திலும் அடக்கத்திலும் பூக்களை விலக்குதல், தமிழ்ப்பாடலையும் இசையையும் வழிபாட்டிலிருந்து அகற்றுதல் ஆகியன அந்நான்கு.

இப்பட்டியல் நுணுகி நோக்கத்தக்கது. மொழி, மலர், இசை ஆகிய மூன்றிலும் அவர் காத்தது ஒரு மக்களின் பண்பாட்டுரிமை. எஞ்சிய ஒன்றில் அவர் காத்தது ஒரு பிரிவாரின் மேன்மை. அவர் நோக்கில் இவை நான்கும் ஒன்றே. முன்னோர் வழக்கத்தின்மீது அயலார் கைவைத்தனர் என்பதே அவர் முறையீடு. சாதி உலகியல் ஒழுக்கம், அது விசுவாசத்திற்குத் தடையன்று என்று அவர் வாதிட்டார். தனிப் பகுதியில் அமர்த்தப்பட்டோர் பக்கத்திலிருந்து பார்த்தால் இவ்வாதம் நிற்காது. அவர்களுக்கு அப்பிரிவு ஒவ்வொரு ஞாயிறும் நேர்ந்த இழிவு. குருமார் சமத்துவத்தைக் கொணர்ந்தபோதே தமிழிசையையும் வெளியேற்ற முயன்றமையால், இசையைக் காத்தவர் சாதியையும் சேர்த்தே காத்தார். வரலாற்றின் இம்முடிச்சை இருதரப்பாரும் சேர்ந்தே இட்டனர்.

இம்முரண் தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. பிலடெல்பியா நகரின் மெதடிசக் கோயிலில் கறுப்பின மக்களைத் தனியிடத்தில் அமர்த்தியதை எதிர்த்து, 1787ஆம் ஆண்டளவில் ரிச்சர்டு ஆலனும் அவர் தோழரும் வெளியேறினர். 1801ஆம் ஆண்டு ஆலன் தம் சபைக்கெனத் தனிப்பாடல் தொகுப்பை வெளியிட்டார். ஒரே பாடலைப் பாடியோர் ஒரே இருக்கையைப் பகிரவில்லை. கூடிப் பாடுவதால் மட்டுமே சமத்துவம் விளையாது என்பதற்கு இவ்விரு சபைகளும் சான்றாகின்றன.

1829ஆம் ஆண்டளவில் சாஸ்திரியார் சபைப்பணியை இழந்தார். அரசரின் ஆதரவே அப்போது அவருக்குத் துணையாயிற்று. 1832ஆம் ஆண்டு சரபோசியும் மறைந்தார். 1833ஆம் ஆண்டு பேராயர் வில்சன் சபையில் சாதி வேறுபாடு அறவே ஒழிய வேண்டுமென ஆணையிட்டார்.

பாடல்கள் கடந்த எல்லை

சாஸ்திரியார் காத்த எல்லைகளுக்குள் அவர் பாடல்கள் நிற்கவில்லை. மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப், மேலை மெட்டுகளைக் காட்டிலும் கீர்த்தனைகளே தமிழ் மக்களைப் பாடவைக்கின்றன என்பதை உணர்ந்து, 1853ஆம் ஆண்டு கிறித்தவக் கீர்த்தனைத் தொகுப்பை வெளியிட்டார். சாஸ்திரியாரின் பாடல்கள் அதில் சிறப்பிடம் பெற்றன. தஞ்சையில் ஒதுக்க முயன்ற இசையை மதுரையில் மற்றொரு குருமார் குழு விரும்பி ஏற்றது.

மெதடிசர் தமிழ்நிலத்திற்கு வந்தது 1814ஆம் ஆண்டு இலங்கை வழியாக. 1817ஆம் ஆண்டு ஜேம்ஸ் லிஞ்ச் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை வந்தார். தொடர்ந்து நாகப்பட்டினம், மன்னார்குடி ஆகிய தஞ்சைச் சீமையின் ஊர்களிலும் அவர்தம் பணி வேரூன்றியது. 1947ஆம் ஆண்டு ஆங்கிலிக்கர், மெதடிசர், தென்னிந்திய ஐக்கிய சபையார் ஆகியோர் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. இன்று அச்சபையின் வழிபாட்டில் மேலை மெட்டிலமைந்த பாமாலையும் தமிழ்மெட்டிலமைந்த கீர்த்தனையும் அடுத்தடுத்து ஒலிக்கின்றன. வெஸ்லியின் பாடலும் சாஸ்திரியாரின் பாடலும் ஒரே வழிபாட்டில் சந்திக்கின்றன. தஞ்சைக்குத் தெற்கேயுள்ள புதுக்கோட்டைப் பகுதியிலும் தென்னிந்தியத் திருச்சபையாரும் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாரும் நிருவாகத்தால் வேறுபட்டாலும் கீர்த்தனையால் ஒன்றுபடுகின்றனர்.

முடிவுரை

சாஸ்திரியார் 1864ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 24ஆம் நாள், தம் எண்பத்தொன்பதாம் வயதில் இயற்கை எய்தினார். அவர்தம் வழித்தோன்றல்கள் தலைமுறைதோறும் அவர் பாடல்களைப் பாடிவருகின்றனர்.

அயல்மெட்டில் தவித்த தமிழ்ச்சொல்லுக்குச் சபையில் இயல்பான இடம் தேடித் தந்தமை அவருடைய பெருஞ்செயல். சபையோரை ஒன்றாக அமரவிட மறுத்தமை அவருடைய பெருங்குறை. ஒன்றைக் கூறி மற்றதை மறைப்பது வரலாறாகாது. ஆயினும், அவர் தேர்ந்த இசைவடிவம் அவருடைய கருத்தைக் காட்டிலும் அகன்றதாக இருந்தது. பல்லவியைப் பாடச் சாதி வேண்டியதில்லை, எழுத்தும் வேண்டியதில்லை, குரல் ஒன்றே போதும். அவர் விலக்கி அமர்த்த விரும்பியோரின் வழியினரும் இன்று அவர் பாடல்களைத் தம்முடையனவாகவே பாடுகின்றனர். அவருடைய வாழ்வு விடுத்த வினாவிற்கு அப்பாடல்களின் பயணமே விடையாகிறது.